கொள்ளுச் சாறும் செவ்வணுவும்: சர்க்கரையை இனங்காணும் புரதங்கள்

வட ஆற்காட்டின் மானாவாரி நிலங்களில் பருவத்தின் கடைசி ஈரத்தை நம்பி விதைக்கப்படும் கொள்ளு, பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகவோ ரசமாகவோ துவையலாகவோதான் முடிகிறது. அதே கொள்ளிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதம் உலகெங்கும் இரத்த வங்கிகளின் குளிர்பதனப் பெட்டிகளில் சின்னஞ்சிறு குப்பிகளில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் நம்ப மறுக்கிறார்கள். மனிதச் செவ்வணுக்களில் ஏ வகையை மட்டும் தேர்ந்து ஒட்டவைக்கும் ஆற்றல் கொள்ளு விதைச் சாற்றுக்கு உண்டு என்பதை 1951ஆம் ஆண்டில் வெளியிட்டவர், அப்போது இந்தியாவில் பணியாற்றிய ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் என்ற இரத்தவியல் வல்லுநர். நம் உடலின் எதிர்ப்புப் புரதங்கள் கிருமிகளின் மேலுள்ள சர்க்கரைகளை எப்படி இனங்காண்கின்றன என்பதைக் கற்பிக்க வேண்டியிருக்கும்போதெல்லாம், நான் இந்தக் கொள்ளிலிருந்துதான் தொடங்குகிறேன். கண்ணால் பார்க்க முடிவது இது ஒன்றுதான் என்பது முதற் காரணம். எதிர்ப்பு மண்டலத்தின் மிக நுட்பமான உத்தி ஒன்று இதில் அப்படியே அடங்கியிருக்கிறது என்பது இரண்டாவது காரணம்.

செய்முறை எளியது. கழுவிய கொள்ளை உப்புநீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, மையவிலக்கியில் சுழற்றினால், மேலே தெளிந்த மஞ்சள் நிற நீர் நிற்கும். அதை எடுத்துப் படிப்படியாக உப்புநீர் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும். ஏன் நீர்க்கச் செய்கிறோம் என்பதற்குப் பிறகு வருகிறேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் அந்தச் சாற்றில் ஒரு துளி, அதன் மேல் உப்புநீரில் கழுவிய செவ்வணுக் கலவையில் ஒரு துளி விட்டு, குச்சியால் கலந்து, தட்டை இருகைகளாலும் பிடித்து மெல்லச் சாய்த்துச் சாய்த்து அசைத்தால், ஒன்றிரண்டு நிமிடங்களில் ஏ வகை இரத்தத் துளி மட்டும் சீரான சிவப்பை இழந்து, விளிம்பிலிருந்து உடைந்து, தெளிந்த நீரில் மிதக்கும் செந்நிறத் திட்டுகளாகிவிடும். பக்கத்திலிருக்கும் பி வகைத் துளியும் ஓ வகைத் துளியும் வழவழப்பாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்ததாக, அதே சாற்றில் என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரையை முன்கூட்டியே கலந்துவிட்டு ஏ செவ்வணுக்களைச் சேர்த்தால், திட்டுகள் தோன்றவே தோன்றா. புரதத்தின் பிடிக்கும் இடங்களையெல்லாம் கரைசலில் மிதக்கும் சர்க்கரை முன்னமே நிரப்பிவிட்டதால், செவ்வணுவைப் பிடிக்க இடமில்லாமல் போய்விடுகிறது. புரதம் பிடித்தது செவ்வணுவை அன்று, அதன் மேல் நீட்டிக்கொண்டிருந்த சர்க்கரையை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

இத்தகைய புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். 1888இல் ஆமணக்கு விதையின் நச்சுப் புரதத்தில் ஸ்டில்மார்க் முதன்முதலில் இவ்வகைத் திரட்டும் தன்மையைக் கண்டார். செடிக்கு மட்டும் உரியவை அல்ல இவை. இவற்றை நம் கல்லீரல் சுரக்கிறது, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களான நம் விழுங்கணுக்களின் மேற்பரப்பில் இவை நிற்கின்றன, நுரையீரலின் ஈரப்பூச்சில் மிதக்கின்றன.

சாற்றை நீர்க்கச் செய்வது ஏன் என்ற கேள்விக்கு வருவோம். ஏ வகையினருள்ளும் ஏ1, ஏ2 என்ற உட்பிரிவுகள் உண்டு. இரண்டு பிரிவினருடைய செவ்வணுவிலும் முனையில் நிற்பது அதே என்-அசிட்டைல் கேலக்டோசமைன்தான். ஆனால் ஏ1 செவ்வணு ஒன்றின் மேல் அத்தகைய முனைகள் ஏறத்தாழ 10 லட்சம் இருக்க, ஏ2 செவ்வணுவில் இரண்டரை லட்சம் அளவுக்கே இருக்கின்றன. (சர்க்கரைச் சங்கிலியின் அடிப்பகுதி அமைப்பிலும் சில வேறுபாடுகள் உண்டு, எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.) அடர்த்தியான கொள்ளுச் சாறு இரண்டையும் திரட்டிவிடும். சரியான அளவுக்கு நீர்த்த சாறோ ஏ1ஐ மட்டும் திரட்டி, ஏ2ஐ விட்டுவிடும். அதாவது ஒரே சர்க்கரை, ஒரே புரதம். அடர்த்தி மாறியதும் விடை மாறிவிட்டது. சர்க்கரையை இனங்காண்பது பற்றிப் பாடநூல்கள் பூட்டும் சாவியும் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு உவப்பானதாக இல்லை. ஒரு சர்க்கரை ஒரு குழியில் பொருந்துவது தொடக்கம்தான். எத்தனை சர்க்கரைகள், எவ்வளவு நெருக்கத்தில், எதன் பக்கத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே நம் எதிர்ப்புப் புரதங்கள் தாக்குவதா விலகுவதா என்று முடிவு செய்கின்றன.

இரத்த வகைகளை 1901இல் லாண்ட்ஸ்டைனர் பிரித்துக் காட்டியபோது, அந்த வேறுபாடு எந்தப் பொருளால் ஆனது என்பது யாருக்கும் தெரியாது. அரை நூற்றாண்டு கழித்து, 1952இல், மார்கனும் வாட்கின்ஸும் விலாங்கு மீனின் குருதிநீர் ஓ வகைச் செவ்வணுக்களைத் திரட்டுவதை ஃபியூகோஸ் என்ற எளிய சர்க்கரை தடுக்கிறது என்று காட்டிய பிறகே, இரத்த வகை என்பது சர்க்கரையின் வேறுபாடு என்பது துலங்கத் தொடங்கியது. ஏறத்தாழ எல்லோருக்கும் பொதுவான அடித்தளமாக, முனையில் ஃபியூகோஸ் உள்ள எச் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் மேல் என்-அசிட்டைல் கேலக்டோசமைன் ஏறினால் ஏ. கேலக்டோஸ் ஏறினால் பி. எதுவும் ஏறாவிட்டால் ஓ. ஏ சர்க்கரைக்கும் பி சர்க்கரைக்கும் உள்ள வேறுபாடு, இரண்டாவது கார்பனில் ஓர் அசிட்டமிடோ தொகுதி இருக்கிறதா, வெறும் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) இருக்கிறதா என்பது மட்டுமே. அந்த வேறுபாட்டை உண்டாக்கும் இரு நொதிகளும் தமக்குள் நான்கே அமினோ அமிலங்களில்தான் மாறுபடுகின்றன. அத்தனை சிறிய மாற்றத்தைத் தவறவிடாமல் கண்டுபிடிக்கும் எதிர்ப்பொருள்கள் என்ற குருதிப் புரதங்கள், வகை மாறி ஏற்றிய இரத்தத்தைச் சில நிமிடங்களில் சிதைத்து உயிரைப் பறித்துவிடக்கூடியவை. யாரும் அவற்றுக்குத் தடுப்பூசி போடுவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலுள்ள ஏ, பி போன்ற சர்க்கரைகளைப் பார்த்துப் பழகி, பிறந்த சில மாதங்களிலேயே அவை தாமாக உருவாகிவிடுகின்றன.

எச் அமைப்பே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 1952இல் பம்பாயில் முதலில் விவரிக்கப்பட்டதால் பம்பாய் வகை என்றே அது பெயர் பெற்றது. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர் என்று மதிப்பிடப்படும் இவர்கள், வழக்கமான சோதனையில் ஓ வகையாகவே தெரிவார்கள். ஆனால் அவர்களுடைய குருதிநீரில் எச் சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருப்பதால், ஓ வகை இரத்தத்தையும் அவர்களுக்கு ஏற்ற முடியாது. குருதிநீரை ஓ செவ்வணுக்களுடன் சேர்த்துப் பார்க்கும் மறுபக்கச் சோதனையைச் சோம்பலால் விட்டுவிடும் ஆய்வகங்கள் மேல் எனக்குள்ள கோபத்தை இங்கே விரிக்கப் போவதில்லை.

சர்க்கரையைப் பிடிப்பது புரதத்துக்கு உண்மையிலேயே கடினமான வேலை. சர்க்கரை மூலக்கூறைச் சுற்றி ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர் மூலக்கூறும் ஏறத்தாழ அதே இயல்புடையது. ஆகவே புரதம் சர்க்கரையோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்த வேண்டுமானால், அதற்கு முன் இருபுறமும் நீரோடு இருந்த பிணைப்புகளை இழக்க வேண்டும். இலாபம் மிகக் குறைவு. போதாக்குறைக்குக் குளுக்கோஸ், மேனோஸ், கேலக்டோஸ் ஆகிய மூன்றும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. குளுக்கோஸில் இரண்டாவது கார்பனின் ஹைட்ராக்சிலைத் திசை மாற்றினால் மேனோஸ். நான்காவதைத் திசை மாற்றினால் கேலக்டோஸ். இந்தத் திசை வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு நண்பனையும் பகைவனையும் பிரிக்க வேண்டும் என்பதுதான் எதிர்ப்பு மண்டலத்துக்கு இடப்பட்ட பணி.

அந்தப் பணியைச் செய்யும் புரதங்களுள் மிக நன்றாக ஆராயப்பட்டது, நம் கல்லீரல் உருவாக்கிக் குருதிநீரில் விடும் மேனோஸ் பிணைப்பு லெக்டின். இதன் பிடியில் கால்சியம் அயனி ஒன்று நடுநாயகமாக இருக்கிறது. மேனோஸின் மூன்றாவது, நான்காவது கார்பன்களில் உள்ள ஹைட்ராக்சில்கள் வளையத்தின் தளத்தோடு ஒட்டியவாறு அடுத்தடுத்து நீண்டிருக்கின்றன. அவ்விரண்டும் நேரே கால்சியத்தைத் தொட, அதே கால்சியத்தைப் பிடித்திருக்கும் புரதத்தின் பக்கக் கிளைகள் அந்த ஹைட்ராக்சில்களோடு ஹைட்ரஜன் பிணைப்பையும் ஏற்படுத்திக்கொள்கின்றன. என்-அசிட்டைல் குளுக்கோசமைனிலும் இதே அமைவு உண்டு. ஃபியூகோஸில் வேறு இரண்டு ஹைட்ராக்சில்கள் திரும்பி நின்று இதே வடிவைத் தருகின்றன. ஆகவே இம்மூன்றையும் அது பிடிக்கும். கேலக்டோஸில் நான்காவது ஹைட்ராக்சில் தளத்திலிருந்து விலகி நிமிர்ந்து நிற்பதால், அது இந்தப் பிடிக்குள் அடங்காது. நம் செல்களின் சர்க்கரைச் சங்கிலிகள் பெரும்பாலும் கேலக்டோஸிலும், அதற்கு மேலே சியாலிக் அமிலத்திலும் முடிகின்றன. ஈஸ்ட், பல பாக்டீரியாக்கள், சில வைரஸ்கள் ஆகியவற்றின் மேற்பரப்பிலோ மேனோஸும் என்-அசிட்டைல் குளுக்கோசமைனும் முனையிலேயே வெளிப்பட்டு நிற்கின்றன. ஒரு ஹைட்ராக்சிலின் திசையில் தன்னையும் பிறரையும் பிரிக்கும் கோடு விழுந்திருக்கிறது.

இது வெறும் விளக்கம் அன்று என்பதை 1992இல் டிரிக்கமர் செய்த சோதனை காட்டியது. அந்தப் பிடியில் உள்ள குளூட்டமிக் அமிலத்தைக் குளூட்டமினாகவும், அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாகவும், ஆக இரண்டே அமினோ அமிலங்களை மாற்றியதும், மேனோஸை விரும்பிய புரதம் கேலக்டோஸை விரும்பத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டில்தான் அந்தப் புரதம் சர்க்கரையைப் பிடித்திருக்கும் நிலையில் அதன் படிக அமைப்பும் வெளியானது. ஆய்வக வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இரத்தம் உறையாமல் இருக்க நாம் பயன்படுத்தும் ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏ, கால்சியத்தை முழுவதுமாகக் கவர்ந்துவிடும். அந்தக் குருதியில் இந்த லெக்டின் சர்க்கரையைப் பிடிப்பதில்லை. அதன் செயல்பாட்டைச் சோதிக்க நினைத்து, கால்சியத்தை மீண்டும் சேர்க்க மறந்து, புரதமே வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொண்டுவரும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இங்கே கூர்மையான ஒருவர் குறுக்கிடலாம். மூன்றாவதும் நான்காவதும் ஹைட்ராக்சில்கள் அதே திசையில் இருப்பது குளுக்கோஸுக்கும் பொருந்துமே? வெறும் வயிற்றில் ஒவ்வொருவருடைய இரத்தத்திலும் டெசிலிட்டருக்கு 80, 90 மில்லிகிராம் குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது; அதெல்லாம் இந்த லெக்டினைப் போய் அடைத்துக்கொள்ளாதா? அடைத்துக்கொள்ளாததற்குக் காரணம், ஒரு பிடியின் வலிமை மிகமிகக் குறைவு என்பதுதான். தனியொரு மேனோஸையே இந்தப் புரதம் மில்லிமோலார் அளவில்தான் பிடிக்கிறது. அதாவது பிடித்த மறுநொடியே நழுவவிட்டுவிடும். கரைந்து திரியும் சர்க்கரை வரும், தொடும், போய்விடும். நாயுருவிச் செடியின் ஒரு முள் வேட்டியில் பட்டால் நமக்குத் தெரிவதுகூட இல்லை. கதிர் முழுதும் படிந்துவிட்டால் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தால்தான் போகும். இந்த லெக்டினும் ஒற்றைக் கையோடு வேலை செய்வதில்லை. மூன்று புரதச் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு மூன்று தலைகள் கொண்ட ஓர் அலகாகின்றன. அத்தகைய அலகுகள் இரண்டு முதல் ஆறு வரை அடியில் சேர்ந்து, மேலே விரிந்த ஒரு கொத்தாகின்றன. மூன்று தலைகளின் பிடிகளுக்கு இடையே ஏறத்தாழ நாலரை நானோமீட்டர் இடைவெளி மாறாமல் நிற்கிறது. நம்முடைய சொந்தப் புரதங்கள் சிலவற்றிலும் மேனோஸ் மிகுந்த சங்கிலிகள் உண்டு. ஆனால் ஒரு சங்கிலியின் கிளைகள் அனைத்தும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ஒரு தலை மட்டுமே பிடிக்க முடியும், அதுவும் நழுவிவிடும். ஈஸ்டின் சுவரிலோ அந்த இடைவெளிக்கும் அதற்கு அப்பாலும் மேனோஸ் காடாக மண்டியிருப்பதால், எல்லாத் தலைகளும் ஒருசேரப் பதிந்து, பிடியின் வலிமை பல்லாயிரம் மடங்கு கூடிவிடுகிறது. இரத்த வகை எதிர்ப்பொருள்களில் பெரும்பான்மையான ஐஜிஎம் என்ற வகையும் பத்துப் பிடிகளோடு இதே உத்தியைத்தான் கையாள்கிறது.

பிடித்த பின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லெக்டினோடு ஒட்டிக்கொண்டு வரும் மாஸ்ப் என்ற நொதிகள் விழித்துக்கொண்டு, காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதத் தொடரை வெட்டித் தூண்டுகின்றன. கிருமியின் மேல் அந்தத் தொடரின் துண்டுகள் படிந்து, விழுங்கணுக்களுக்கு அடையாளமாகின்றன. எதிர்ப்பொருள் உருவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது.

அந்த மூன்று சங்கிலிகளின் முறுக்கைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது, ஏனெனில் அது நம் மண்ணோடு தொடர்புடையது. லெக்டினின் தண்டுப் பகுதி, தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜனின் அமைப்பையே கொண்டது. கொல்லாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய அமைப்பு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் நிறுவினார்கள். மூன்று சங்கிலிகள் நெருக்கமாக முறுக்கிக்கொள்ளும்போது உள்ளே இடமே இருக்காது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தே ஆக வேண்டும். மனிதர்களின் இந்த லெக்டின் மரபணுவில் பரவலாகக் காணப்படும் ஒரு மாற்றம், 54ஆவது இடத்திலுள்ள கிளைசினை அஸ்பார்டிக் அமிலமாக்கிவிடுகிறது; 57ஆவது இடத்தில் இன்னொரு மாற்றம், கிளைசினைக் குளூட்டமிக் அமிலமாக்குகிறது. சர்க்கரையைப் பிடிக்கும் தலைகள் பழுதில்லாமல் இருக்கின்றன. தண்டு சரியாக முறுக்கிக்கொள்ளாததால் கொத்துகள் உருவாவதில்லை. தனித்தனித் தலைகளால் எதையும் இறுகப் பிடிக்க முடிவதில்லை. அடிக்கடி தொற்றுக்கு ஆளான ஒரு குழந்தையின் குருதிநீர் ஈஸ்டை விழுங்கணுக்களுக்கு அடையாளம் காட்டத் தவறியதை 1968இல் ஒரு மருத்துவக் குழு எழுதியது. அத்தகைய குறைபாட்டின் காரணம் இந்த லெக்டின் போதாமைதான் என்பது தெரிய 1989 வரை ஆயிற்று.

இந்தப் போதாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறையுமின்றி வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்ப்பொருள்கள் இன்னும் போதிய அளவு உருவாகாத இளங்குழந்தைகளிடமும், கீமோதெரபி போன்றவற்றால் வேறு பாதுகாப்புகள் குறைந்துபோனவர்களிடமும்தான் அது சிக்கலாகிறது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பொடியும் லேகியமும் விற்பவர்கள் இந்த ஒரு புரதத்தைப் பற்றிப் படித்தாலே தங்கள் விளம்பரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று எண்ணுகிறேன். படிக்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

நம் செல்களின் முனையில் நிற்கும் சியாலிக் அமிலம் ஒன்பது கார்பன்களைக் கொண்ட, எதிர்மின்னூட்டமுள்ள சர்க்கரை. இதைத் தேடிப் பிடிக்கும் சிக்லெக் என்ற லெக்டின் குடும்பம் நம் வெள்ளணுக்களின் மேல் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை சியாலிக் அமிலத்தைத் தொட்டதும் செல்லின் உள்ளே அடங்கு என்ற ஆணையைத்தான் அனுப்புகின்றன. இந்த மேலுறை உரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, நம் பக்கத்து இன்னொரு பயிர் பயன்படுகிறது. செவ்வணுக்களிலிருந்து சியாலிக் அமிலத்தை நீக்கினால், அடியில் மறைந்திருந்த கேலக்டோஸும் என்-அசிட்டைல் கேலக்டோசமைனும் சேர்ந்த டி என்ற அமைப்பு வெளிப்படும். நிலக்கடலை லெக்டின் அதைச் சட்டென்று பிடித்துவிடும். வயதுவந்தோர் எல்லோருடைய குருதிநீரிலும் டி அமைப்புக்கு எதிரான எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா, சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதியைச் சுரக்கக்கூடியது. சில குழந்தைகளில் அந்தத் தொற்றின்போது செவ்வணுக்களின் மேலுறை உரிந்து டி வெளிப்பட்டுவிட, இரத்த வங்கியில் அந்தக் குழந்தையின் செவ்வணுக்கள் யாருடைய குருதிநீரோடு சேர்த்தாலும் திரண்டு, வகை பார்ப்பவரைக் குழப்பும். அப்போது கடலை லெக்டின் சோதனை காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கடலை லெக்டினின் படிக அமைப்பை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழு 1994இல் வெளியிட்டது. நான்கு அலகுகள் வழக்கத்துக்கு மாறான முறையில் சேர்ந்திருப்பது அதன் தனித்தன்மை.

சியாலிக் அமிலம் நம்மவன் என்பதற்கான அடையாளம் என்றால், அதைக் கிருமி அணிந்துகொண்டு வரலாமே என்று தோன்றுவது இயல்பு. அணிந்துகொண்டுதான் வருகின்றன. பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடிய இரத்தத் தொற்றை உண்டாக்கும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நம்முடையதைப் போன்ற சியாலிக் அமிலத்தைத் தன் உறையின் முனைகளில் பதித்துக்கொண்டு, சிக்லெக்குகளை அடக்கி, விழுங்கணுக்களைத் தாண்டிச் செல்கிறது. ஒரு சிறு விலகல்: பெரும்பாலான பாலூட்டிகளிடம் இன்னொரு வகைச் சியாலிக் அமிலமும் உண்டு, அதை உருவாக்கும் மரபணு மனித இனத்தில் ஏறத்தாழ 20, 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செயலிழந்துவிட்டது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிடும் ஒவ்வொரு முறையும், நம் உடலால் உருவாக்க முடியாத அந்தச் சர்க்கரையை நாம் உட்கொள்கிறோம். சிறிதளவு நம் செல்களிலும் ஏறிக்கொள்கிறது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள்களும் நம் குருதியில் இருக்கின்றன. கோழிக்கறியில் இந்தச் சிக்கல் கிடையாது.

வேலூர்ப் பக்கம் வாழ்பவர்கள் சர்க்கரை இனங்காணல் பற்றிப் பேசும்போது தொழுநோயைத் தவிர்க்க இயலாது. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட ஷிஃபெலின் மையமும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் செய்த கை அறுவைச் சிகிச்சைகளும் இந்நோயின் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவை. தொழுநோய்ப் பாக்டீரியாவின் மேலுறையில் பீனாலிக் கிளைக்கோலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள் ஏராளமாக இருக்கிறது. அதன் முனையில் மூன்று சர்க்கரைகள். அவற்றின் ஹைட்ராக்சில்களில் சில மெத்தில் தொகுதிகளால் மூடப்பட்டிருப்பது விசித்திரம். கடைசிச் சர்க்கரையான குளுக்கோஸின் மூன்றாவது, ஆறாவது இடங்களில் மெத்தில் இருக்கிறது. நோயாளிகளின் ஐஜிஎம் எதிர்ப்பொருள்கள் பெரிதும் இந்த முனையைத்தான் பிடிக்கின்றன. ஆகவே ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த இரண்டு மூன்று சர்க்கரைகளை ஒரு புரதத்தோடு இணைத்தே தொழுநோய்க்கான எதிர்ப்பொருள் சோதனையை வடிவமைக்க முடிந்தது. ஆனால் அந்த எதிர்ப்பொருள்கள் ஏராளமாக இருப்பவர்கள், பாக்டீரியா கட்டுக்கடங்காமல் பெருகும் வகை நோயாளிகள்தாம். எதிர்ப்பொருள் குறைவாகவும், எதிர்ப்புச் செல்களே நேரடியாக இறங்கும் செல்வழி எதிர்ப்பு வலுவாகவும் உள்ளவர்களிடம் நோய் ஓரிரு திட்டுகளோடு நின்றுவிடுகிறது. பாக்டீரியா செல்களுக்குள்ளே குடியிருக்கும்போது, வெளியே அதன் சர்க்கரையை எவ்வளவு துல்லியமாக இனங்கண்டாலும் பயனில்லை. மேலும் அந்த மூன்று சர்க்கரைகளைக் கொண்டுதான், நரம்பைச் சூழ்ந்த ஷ்வான் செல்களின் அடித்தளத்தில் உள்ள லேமினின் என்ற புரதத்தோடு பாக்டீரியா ஒட்டிக்கொள்கிறது. உணர்விழந்த கைகளும் கால்களும் அங்கிருந்து தொடங்குகின்றன. காசநோய்ப் பாக்டீரியாவும் தன் மேலுறையில் மேனோஸை முனையாக வைத்து, டிசி-சைன் என்ற லெக்டின் வழியாக எதிர்ப்புச் செல்லுக்கே அமைதிச் செய்தி அனுப்பிவிடுகிறது.

வைரஸ்களும் சர்க்கரையை வாசிக்கத் தெரிந்தவை. வேலூரில் பச்சிளம் குழந்தைகளிடம் காணப்பட்ட ஜி10பி[11] என்ற ரோட்டா வைரஸ், முதிர்ச்சியடையாத ஒரு முன்னோடிச் சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கிறது என்பதை வேலூர்க் குழந்தைகளிடமிருந்து பிரித்த வைரஸை வைத்தே காட்டியிருக்கிறார்கள். அது ஏன் பிறந்த குழந்தைகளையே நாடியது என்பதற்கு அதில் ஒரு விளக்கம் கிடைத்தது.

இவ்வளவு திறமையோடு சர்க்கரையை இனங்காணும் எதிர்ப்பு மண்டலம், இளங்குழந்தைகளிடம் மட்டும் ஏன் சர்க்கரையால் ஆன தடுப்பூசியைப் பொருட்படுத்துவதில்லை என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. நியூமோகாக்கஸின் வகைகளைப் பிரிக்கும் பொருள் அதன் உறைச் சர்க்கரைதான் என்பதை 1923இல் ஹைடல்பெர்கரும் ஏவரியும் காட்டினார்கள். அத்தகைய நீண்ட சர்க்கரைச் சங்கிலியை மட்டும் ஊசியாகப் போட்டால், பெரியவர்களின் பி செல்கள் அதை நேரடியாகப் பல இடங்களில் பிடித்து எதிர்ப்பொருள் சுரக்கும். ஆனால் நினைவு பதிவதில்லை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அந்த அளவுக்கும் வேலை நடப்பதில்லை. காரணம், நினைவை உண்டாக்கத் துணைநிற்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குப் (முன்பு சொன்ன டி அமைப்புக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை) புரதத் துண்டுகளைத்தான் பொதுவாக வாசிக்க முடியும். 1929இல் ஏவரியும் கோபெலும் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துப் போட்டால் எதிர்ப்பு வலுக்கும் என்று விலங்குகளில் காட்டினார்கள். பி செல் சர்க்கரையைப் பிடித்து முழுவதையும் உள்ளிழுத்து, இணைந்து வந்த புரதத்தை வெட்டி டி செல்லிடம் காட்ட, டி செல் அதற்கு உதவுகிறது. உதவி பெற்ற பி செல் சுரப்பதோ சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருள். டைபாய்டு பாக்டீரியாவின் விஐ உறையும் இப்படிப்பட்ட ஒரு சர்க்கரைச் சங்கிலிதான். என்-அசிட்டைல் கேலக்டோசமைனின் நெருங்கிய உறவான ஓர் அமிலச் சர்க்கரை வரிசையாகக் கோத்தது. அந்தச் சங்கிலியில் ஆங்காங்கே தொங்கும் அசிட்டைல் தொகுதிகளை நீக்கிவிட்டால் தடுப்பூசி தன் வீரியத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும். விஐ சர்க்கரையை மட்டும் கொண்ட பழைய ஊசியை இரண்டு வயதுக்குப் பிறகுதான் போட முடிந்தது. அதையே டெட்டனஸ் டாக்சாய்டு என்ற நஞ்சு நீக்கிய புரதத்தோடு இணைத்து ஹைதராபாத்தில் உருவாக்கிய ஊசியை ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்கே போடலாம்.